முப்பதில் ஒன்று, நாற்பதில் ஒன்று: கரையோர வணிகரின் வரிக் கணக்கு

பழவேற்காட்டு ஏரியை அடுத்த லைட்ஹவுஸ் குப்பத்திற்குப் பெயர் தந்த கலங்கரை விளக்கம் முதன்முதலில் 1859-இல் எழுப்பப்பட்டது. இன்று நிற்கும் உயர்ந்த கோபுரம் 1985-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அந்த ஒளிக்கும் ஒரு வரி உண்டு என்பதை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம். துறைமுகங்களுக்கு வந்துபோகும் கப்பல்களிடம் விளக்குத் தீர்வை வசூலிக்க 1927-ஆம் ஆண்டின் கலங்கரை விளக்கச் சட்டம் வகைசெய்தது. அதே ஒளியை நம்பிக் கரை திரும்பும் கட்டுமரக்காரரிடம் எவரும் தீர்வை கேட்டதில்லை. யாரிடம் வாங்குவது, யாரை விட்டுவிடுவது என்னும் கேள்வி இந்தக் கரைக்கு மிகவும் பழையது.

வடக்கே, இன்றைய ஆந்திரத்தின் மோட்டுப்பள்ளியில், காகதீய மன்னர் கணபதிதேவர் 1244-45-இல் வெட்டுவித்த சாசனம் ஒன்று உள்ளது. புயலில் சிக்கிக் கரை ஒதுங்கிய கப்பலின் சரக்கு முழுவதையும் அவருக்கு முன்பிருந்த அரசர்கள் பறித்துக்கொண்டனர். உயிரைவிடப் பொருளைப் பெரிதாக எண்ணிக் கடலேறும் வணிகர்மீது இரக்கம் கொண்ட அவர், முறையான சுங்கம் தவிர வேறு எதையும் எடுப்பதில்லை என்று அடைக்கலம் அளித்தார். ஏற்றுமதிக்கும் இறக்குமதிக்கும் முப்பதில் ஒரு பங்கு என்பது கல்லிலேயே பொறிக்கப்பட்டது. வணிகர் பாய் விரிப்பதற்கு முன்பே தம் செலவைக் கணக்கிட்டுக்கொள்ள அது போதும். தமிழகத்திலோ முதலாம் குலோத்துங்கன் இன்னும் ஒருபடி மேலே போய்ச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்றே பெயர் பெற்றான்.

மோட்டுப்பள்ளிச் சாசனத்திற்கு ஆறு நூற்றாண்டுகள் முந்தைய நிகழ்ச்சி ஒன்றை இமாம் அபூயூசுஃப் (ரஹ்) தமது ‘கிதாபுல் கராஜ்’ நூலில் பதிவு செய்துள்ளார். கலீஃபா உமர் (ரலி) காலத்தில் சுங்க அதிகாரியாக இருந்தவர் ஸியாத் இப்னு ஹுதைர். தஃக்லிப் குலத்துக் கிறிஸ்தவர் ஒருவர் குதிரையுடன் அவரைக் கடந்து சென்றார். குதிரையின் மதிப்பு 20,000 திர்ஹம். இருபதில் ஒரு பங்காக 1,000 திர்ஹம் பெறப்பட்டது. அதே ஆண்டில் அவர் திரும்பி வந்தபோது மீண்டும் 1,000 கேட்கப்பட்டது. அவர் மக்கா சென்று கலீஃபாவிடமே முறையிட்டார். உமர் (ரலி) சுருக்கமாக ஒரு சொல் மட்டும் சொல்லி அனுப்பினார். தம் பேச்சு எடுபடவில்லை என்று எண்ணி, மறுபடியும் கட்டிவிடலாம் என மனம் சலித்துத் திரும்பிய அந்த மனிதருக்கு முன்பாகவே கலீஃபாவின் கடிதம் ஸியாதிடம் வந்து சேர்ந்திருந்தது: ஒரே பொருளுக்கு ஓராண்டில் ஒருமுறைக்கு மேல் வாங்கலாகாது. முஸ்லிம் வணிகரிடம் நாற்பதில் ஒன்று வாங்கப்பட்டது. 200 திர்ஹமுக்குக் குறைந்த சரக்குக்கு எதுவும் இல்லை. வரம்பு, விகிதம், இரட்டை வரித் தடை ஆகிய மூன்றும் அங்கேயே உள்ளன.

பழவேற்காட்டு முஸ்லிம் வணிகர்களைப் போர்த்துக்கீசியரான துவார்த்தே பர்போசா பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே குறிப்பிடுகிறார். அவர்கள் ஏற்றுமதி செய்த துணியின் நினைவாக மலாய் மக்கள் இன்றும் கைலியைக் ‘காயின் பெலிகாட்’ என்கிறார்கள். 1613-இல் டச்சுக்காரர் கெல்திரியா கோட்டையைக் கட்டினர்; பின்னர் ஆங்கிலேயர் வந்தனர். கம்பெனியின் ஆட்சியில் தறிக்கும் கடைக்கும் தச்சர் கொல்லரின் தொழிலுக்கும் மொகதர்ப்பா என்னும் வரி விழுந்தது. அதை எதிர்த்துச் சென்னை சுதேசி சங்கம் 1852-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திற்கே மனு அனுப்பியது.

கலங்கரை விளக்கம் எழுந்த மறு ஆண்டு, 1860-இல், வருமான வரி வந்தது. 1857-இன் போர்ச் செலவை ஈடுகட்ட ஜேம்ஸ் வில்சன் கொணர்ந்த திட்டம் அது. ஆண்டுக்கு 200 ரூபாய்க்குக் கீழ் வருமானமுள்ளோருக்கு விலக்கு, 500 வரை நூற்றுக்கு இரண்டு, அதற்குமேல் நான்கு. (200 என்ற எண் இங்கும் வருவது தற்செயலே.) சென்னை ஆளுநர் சர் சார்லஸ் திரெவெல்யன் இதை வெளிப்படையாக எதிர்த்துத் தம் குறிப்பையே பத்திரிகைகளுக்கு அளித்தார், அதற்காகப் பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார். ஆட்சியாளர் ஒருவர் மக்களின் வரிச்சுமைக்காகப் பதவி இழந்த அரிய நிகழ்ச்சி அது. வில்சன் அதே ஆண்டு கல்கத்தாவில் காலமானார். அவரது வரி 1865-இல் நீக்கப்பட்டது. 1886-இல் நிலையாகத் திரும்பிவந்த சட்டம் விவசாய வருமானத்திற்கு விலக்களித்தது. நிலத்தில் விளைவதே விவசாயம் என்பதால் வலையில் விழும் மீன் அந்த விலக்கில் சேரவில்லை. இன்றும் நிலை அதுவே.

கடற்பொருள் பற்றி நம் முன்னோரும் விவாதித்திருக்கிறார்கள். கரை ஒதுங்கும் அம்பருக்கு ஐந்தில் ஒன்று உண்டு என்றார் அபூயூசுஃப் (ரஹ்). அது புதையல் ஆகாது, கடல் ஒதுக்கிய பொருள் என்பது இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் கருத்து. பிடித்த மீனுக்கு ஜகாத் இல்லை என்பதே பெரும்பான்மை ஃபிக்ஹ் அறிஞர்களின் முடிவு. படகும் வலையும் தொழிற்கருவிகள், அவற்றுக்கும் இல்லை. விற்பதற்காக வாங்கி வைத்த கருவாட்டுக்கு உண்டு, ஏனெனில் அது வணிகச் சரக்கு.

இங்கேதான் நம் வீடுகளில் பிழை நேர்கிறது. சிறுவணிகர் தம் விற்றுமுதலில் 8 விழுக்காட்டை (வங்கி வழி வந்த தொகைக்கு 6) இலாபமாகக் காட்டினால் போதும் என்னும் அனுமான வரி முறையைச் சட்டம் அனுமதிக்கிறது. 2025-26 நிதியாண்டு முதல், புதிய முறையில் 12 லட்சம் ரூபாய் வரையிலான வழக்கமான வருமானத்திற்கு வரித் தள்ளுபடியும் உண்டு. ‘வரி வரவில்லை, ஆகவே ஜகாத்தும் இல்லை’ என்றோ, அந்த 6 விழுக்காட்டிற்கு மட்டும் நாற்பதில் ஒன்று என்றோ சிலர் கணக்கை முடித்துவிடுகிறார்கள். ஜகாத் ஆண்டு வருமானத்தின் மீது விழுவதன்று. நிஸாபை எட்டி, ஓராண்டு நிறைந்த நாளில் கையிலுள்ள பணமும் கடையிலுள்ள சரக்கும் எண்ணப்பட வேண்டும். கடனைக் கழிப்பதில் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளிடையே வேறுபாடு இருப்பதால், அதைத் தம் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

மலேசியாவில் செலுத்திய ஜகாத் தொகை, கட்டவேண்டிய வருமான வரியிலிருந்தே தள்ளுபடியாகிறது. 1967-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்திலேயே அதற்கு இடமுண்டு. அதிகாரபூர்வ ஜகாத் அமைப்பின் ரசீது மட்டும் வேண்டும். காயின் பெலிகாட் உடுத்திப் பினாங்கில் கடை நடத்தும் தமிழ் முஸ்லிம் அந்த ரசீதை வரிக் கணக்கோடு சேர்த்து வைக்கிறார். அந்தத் துணிக்குப் பெயர் கொடுத்த ஊரில் ஏழை உறவினரின் கையில் நேரடியாகத் தரும் ஜகாத்துக்கு வரிச் சலுகை எதுவும் இல்லை. இங்கே இரண்டு கணக்கையும் இரண்டு நோட்டுகளில்தான் எழுத வேண்டியிருக்கிறது.