திருவொற்றியூர் ஃபோர்க்: ஒரு பைக்கோட முன்பக்க வரலாறு

சென்னையில பைக் மாடிஃபை பண்றவங்ககிட்ட "முதல்ல எதுக்குச் செலவு பண்ணீங்க?"னு கேட்டுப் பாருங்க. பெரும்பாலும் சைலன்சர்னுதான் பதில் வரும். சத்தம் நாலு தெருவுக்குக் கேக்குமே! முன்னாடி இருக்குற ஃபோர்க்கைப் பத்தி, ஆயில் சீல் ஒழுக ஆரம்பிக்கிற வரைக்கும் யாரும் நினைக்கறதில்ல. இந்த எபிசோட் அந்த ஃபோர்க்கைப் பத்தினது. கதையோட பெரிய பகுதி நடந்தது நம்ம திருவொற்றியூர்லதான்.

ஃபோர்க்னா என்ன? ஒண்ணுக்குள்ள ஒண்ணு வழுக்கிப் போற குழாய், ரெண்டு பக்கமும். உள்ளே ஒரு ஸ்பிரிங், கொஞ்சம் ஆயில். பள்ளத்துல இறங்குற அடியை ஸ்பிரிங் வாங்கிக்கும். ஆனா ஸ்பிரிங்கைத் தனியா விட்டா அது ஆடிக்கிட்டே இருக்கும். அதை அடக்கத்தான் ஆயில். சின்னச் சின்ன ஓட்டை வழியா ஆயில் பிதுங்கிப் போகணும், அந்தத் தடைதான் டேம்பிங். முன் டயர் ரோட்டை விட்டு எழும்புற நொடியில முன் பிரேக்கும் கிடையாது, ஹேண்டில்பாரும் பேச்சு கேக்காது. டயரைத் தரையோட பிடிச்சு வைக்கிறதுதான் ஃபோர்க்கோட முதல் வேலை. கைக்குக் கிடைக்கிற சொகுசெல்லாம் அப்புறம்தான்.

1930-கள் வரைக்கும் பெரும்பாலான பைக்குகள்ல இருந்தது கர்டர் ஃபோர்க். ஒரு இரும்புச் சட்டம், நடுவுல ஒரு ஸ்பிரிங், ஆட்டத்தை அடக்க உரசுற தகடு. 1935-ல ஜெர்மனியில பிஎம்டபிள்யூ, தன்னோட ஆர்12, ஆர்17 பைக்குகள்ல ஆயில் டேம்பிங் உள்ள டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கைக் கொண்டுவந்தது. இன்னிக்கு நம்ம ஊர்ல ஓடுற பெரும்பாலான பைக்குகளோட முன்பக்கம் அந்த வழியில வந்ததுதான்.

இங்கிலாந்துல ராயல் என்ஃபீல்டு கொஞ்சம் தாமதமாத்தான் வந்து சேந்தது. ரெண்டாம் உலகப் போர்ல பாராசூட்ல கட்டி இறக்கின அவங்களோட 125 சிசி 'ஃப்ளையிங் ஃப்ளீ'யில, முன் ஃபோர்க்கைத் தாங்கினது ரப்பர் வளையங்கள்! போர் முடிஞ்சப்புறம்தான் டெலஸ்கோப்பிக் ஃபோர்க். அதோட பின்பக்க ஸ்விங் ஆர்மும் சேந்து 1949-ல புது புல்லட் கடைக்கு வந்தது. அப்போ பல பைக்குகளுக்குப் பின்னாடி சஸ்பென்ஷனே கிடையாது. இந்த புல்லட் கல்லு முள்ளுப் பாதையில ஓடுற டிரையல்ஸ் போட்டிகள்ல பேர் வாங்கினதுக்கு இஞ்சின் மட்டும் காரணமில்ல, சஸ்பென்ஷனும்தான்.

அந்த பைக்தான் மெட்ராஸுக்கு வந்தது. சுதந்திரத்துக்கு அப்புறம் எல்லையில ரோந்து போக ராணுவத்துக்கு உறுதியான வண்டி தேவைப்பட்டது, புல்லட்டைத் தேர்ந்தெடுத்தாங்க. 1955-ல மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து ரெட்டிச்ல இருந்த கம்பெனியும் சேந்து 'என்ஃபீல்டு இந்தியா'வை ஆரம்பிச்சாங்க. திருவொற்றியூர்ல தொழிற்சாலை. 1956 முடியுறதுக்குள்ள 163 புல்லட். ஆரம்பத்துல பாகங்கள் கப்பல்ல வந்து இறங்கும், இங்க பொருத்துவாங்க. ஹார்பர் பக்கத்துல இருந்தது எவ்வளவு வசதின்னு சொல்லணுமா? எண்ணூர்ல அசோக் லேலண்ட், திருவொற்றியூர்ல விம்கோ தீப்பெட்டி ஆலைனு அந்தக் கடலோரப் பட்டையே ஷிஃப்ட் நேரத்தை வெச்சு வாழ்ந்த ஊர். போகப் போக பாகங்களையும் இங்கேயே செய்ய ஆரம்பிச்சாங்க.

இங்கிலாந்துல 1967-ல ரெட்டிச் ஆலை மூடினாங்க, 1970-ல அங்க உற்பத்தியே நின்னுபோச்சு. திருவொற்றியூர் நிக்கல. 1977-ல இங்க செஞ்ச புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதி ஆச்சு. பெருமைதான். ஆனா இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. இறக்குமதிக்குக் கட்டுப்பாடு, லைசென்ஸ் ராஜ்யம், போட்டி குறைவு. வாங்க ஆள் காத்திருக்கும்போது ஃபோர்க்கை எதுக்கு மாத்தணும்? 1950-கள்ல வந்த அடிப்படை அமைப்பே பல பத்தாண்டு ஓடிச்சு.

ஓட்டுறவங்க நினைச்சாலும் மாத்துறது சுலபமில்ல. பழைய புல்லட்ல ஹெட்லைட்டைச் சுத்தி ஒரு பெரிய வார்ப்பு இருக்கும், 'காஸ்கெட்'னு பேரு. ஸ்பீடாமீட்டர் அதுலதான் உக்காந்திருக்கும். ஃபோர்க் குழாய்களோட மேல்முனை அந்த வார்ப்புலயே மரை போட்டு இறங்கியிருக்கும். வேற ஃபோர்க் போடணும்னா வண்டியோட முகத்தையே கழட்டணும். அதனால நம்ம மெக்கானிக்குங்க வேற வழி பிடிச்சாங்க: தேஞ்ச புஷ்ஷை லேத்துல கடைஞ்சு போடுறது, ஆயிலை கெட்டியா மாத்துறது, ஸ்பிரிங்குக்கு மேல வாஷர் வெச்சு இறுக்குறது. இதுக்கு யாரும் 'சஸ்பென்ஷன் டியூனிங்'னு பேர் வைக்கல.

வடக்கே சோழவரத்துல இன்னொரு பள்ளிக்கூடம் நடந்தது. ரெண்டாம் உலகப் போர் கால விமான ஓடுதளத்துல மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ரேஸ் நடத்தினாங்க. 1990-ல இருங்காட்டுக்கோட்டை டிராக் வர்ற வரைக்கும் தென்னிந்தியாவுக்கு அதுதான் பெரிய மேடை. நீளமா நேரா போய் திடீர்னு பிரேக் அடிச்சா முன்பக்கம் முக்குளிக்கும். அதுக்குக் கெட்டியான ஃபோர்க் வேணும். அதே ஃபோர்க்கோட எண்ணூர் ரோட்டுக்கு வந்தா மணிக்கட்டு போயிடும். ஃபோர்க்ல எல்லாருக்கும் பொதுவா ஒரு 'பெஸ்ட்' இல்லாததுக்குக் காரணம் இதுதான்.

1994-ல கம்பெனி ஐஷர் கைக்கு முழுசா போச்சு. 2013-ல ஒரகடம் ஆலை, அதே வருஷம் கான்டினென்டல் ஜிடி. 2018-ல 650 ஜிடி வந்தது: 41 மிமீ ஃபோர்க், 110 மிமீ டிராவல், உள்ளே அடிப்படையில அதே ஸ்பிரிங், ஓட்டை, ஆயில். 2023-ல சூப்பர் மீட்டியார் 650 மூலமா தலைகீழ் ஃபோர்க், அதாவது யூஎஸ்டி, வந்து சேந்தது. தடிச்ச குழாய் மேல பிடிச்சிருக்கும், மெல்லிசு கீழே. அதனால பிரேக் அடிக்கும்போது வளையறது குறையும்.

சரி, 650 ஜிடி வெச்சிருக்கீங்க, என்ன பண்ணலாம்? ஓட்டை வழியா போற ஆயிலுக்கு ஒரு குணம்: மெதுவா அமுங்கும்போது தடை பத்தாது, திடீர் அடியில தடை ஓவரா ஆயிடும். உசத்தியான கார்ட்ரிட்ஜ்ல மெல்லிய தகடுகள் வளைஞ்சு வழி விடும், அதனால ரெண்டையும் சமாளிக்கும். ஆனா முதல்ல சேக் அளந்து பாருங்க. ஃபோர்க் குழாய்ல ஒரு கேபிள் டை மாட்டி, நீங்க உக்காந்தா எவ்வளவு இறங்குதுனு குறிச்சுக்குங்க. டிராவல்ல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு, 30-லேர்ந்து 35 மிமீ இருந்தா நல்லது. ரொம்ப இறங்குதா? உங்க எடைக்கு ஏத்த ஸ்பிரிங், புது ஆயில். பலருக்கு இதுவே போதும். வேற பைக்கோட யூஎஸ்டியைக் கழட்டி மாட்டினா நீளம் மாறும், ஸ்டியரிங் கோணம் மாறும், காலிப்பர் உக்காராது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ம் குறுக்கே வரும்.

இன்னிக்கு விம்கோ நகர் மெட்ரோவுல ஏசியில உக்காந்து திருவொற்றியூரைக் கடந்துடலாம். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவுல டூ வீலர்ல வேலைக்குப் போறவங்களுக்கு அந்த வசதி இல்ல. லாரிச் சக்கரம் அமுக்கின பள்ளத்துல முன் டயர் ஒரு நொடி எழும்பினா, பக்கத்துலயே பத்துச் சக்கரம் ஓடிக்கிட்டிருக்கு. அவங்க வண்டியில பெரும்பாலும் ஜிடி எம்பிளம் இருக்காது. சீல் ஒழுகுற ஒரு நூறு சிசிதான் இருக்கும். உங்க வீட்ல அப்படி ஒரு வண்டி இருந்தா, இந்த வாரம் அதோட ஃபோர்க் குழாயை விரலால தடவிப் பாருங்க. விரல்ல ஆயில் ஒட்டினா, சைலன்சர் காசு முதல்ல அங்க போகட்டும்.