உடல் தகுதி

ஒரு பெண்ணுக்கு 'முதல்' என்ற பட்டத்தைக் கட்டிவிட்டால், அவளைப் பற்றிய மற்ற கேள்விகளை நாம் கேட்பதில்லை. அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்த முதல் கறுப்பினப் பெண் என்று கொண்டாடப்படும் கேத்தே வில்லியம்ஸுக்கும் அதுதான் நடந்திருக்கிறது. அவர் சிப்பாயான கதையைவிட, ஓய்வூதியம் கேட்ட கதைதான் என்னை உறுத்துகிறது.

மிசௌரி மாநிலத்தில் அடிமைத் தாய்க்குப் பிறந்தவர். 1861இல் வடக்குப் படை ஜெஃபர்சன் சிட்டியைப் பிடித்தபோது, அங்கே வீட்டு வேலை செய்துகொண்டிருந்த அவரையும் தன்னோடு கொண்டுபோனது. எதிரியிடமிருந்து கைப்பற்றிய சொத்து: அவரைப் போன்றவர்களைப் படை அப்படித்தான் கணக்கு வைத்தது. போர் முடியும்வரை படையினருக்குச் சமைத்தார், துணி துவைத்தார்.

விடுதலை வந்தது. பிழைப்பு? 1866இல் கறுப்பினத்தவருக்கென நிரந்தரப் படைப்பிரிவுகள் அமைக்கப்பட்டன. அந்த நவம்பரில் செயின்ட் லூயிஸில் 'வில்லியம் கேத்தே' என்ற ஆணாக 38ஆம் காலாட்படையில் சேர்ந்தார். படை மருத்துவர் தகுதியானவர் என்று எழுதிக்கொடுத்தார். யாரையும் அண்டி நிற்காமல் சொந்தமாகச் சம்பாதிக்க விரும்பியதாக 1876இல் ஒரு செய்தித்தாளிடம் கேத்தே சொன்னார். நாட்டுப்பற்று பற்றிப் பேசவில்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது.

பெரியம்மை கண்டு பிழைத்தார். நியூ மெக்சிகோவரை படையோடு நடந்தார். உடம்பு தேறவேயில்லை, திரும்பத் திரும்ப மருத்துவமனையில் கிடந்தார். இத்தனை மருத்துவர்கள் பார்த்தும் அவர் பெண் என்பது நெடுநாள் வெளிப்படவில்லை. ஒரு கறுப்புச் சிப்பாயின் உடம்பை எவ்வளவு அக்கறையோடு பார்த்திருப்பார்கள் என்று இதிலிருந்தே ஊகிக்கலாம். 1868 அக்டோபரில், மூன்றாண்டுப் பணிக்காலம் முடியுமுன்பே, உடல் தகுதியற்றவர் என்ற மருத்துவச் சான்றோடு அவரை வெளியே அனுப்பினார்கள். அந்தக் கோளாறும் படையில் சேருமுன்பே இருந்தது என்று எழுதிவைத்தார்கள். அப்படியானால் 1866இல் தகுதிச் சான்று கொடுத்தது யார்?

பிறகு மறுபடி சமையல், மறுபடி சலவை. 1891இல் கொலராடோ மாநிலத்தின் டிரினிடாட் நகரிலிருந்து ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்தார். காது மந்தம், மூட்டுவாதம், நரம்புவலி எல்லாம் படைப்பணியில் வந்தவை என்றார். அவரைப் பரிசோதித்த மருத்துவர், கால்விரல்கள் வெட்டி எடுக்கப்பட்டு ஊன்றுகோலோடு நடந்த அந்தப் பெண்ணுக்கு ஓய்வூதியம் தரும் அளவுக்கு ஊனம் ஏதுமில்லை என்றார். ஆணாக வேடமிட்டுச் சேர்ந்தாள் என்று காரணம் காட்டியிருக்கலாம். அதைக்கூட அவர்கள் சொல்லவில்லை. வேலையிலிருந்து கழிக்க நோயாளியாக இருந்த உடம்பு, பணம் கேட்டதும் ஆரோக்கியமாகிவிட்டது.

1892 பிப்ரவரியில் விண்ணப்பம் தள்ளுபடியானது. 1900 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் டிரினிடாட் பட்டியலில் அவர் பெயர் இல்லை.