‘ஏன்’ என்ற கேள்வியும் ஒரு துடைப்பமும்

டோக்கியோவில் மொரீட்டா ஷோமா என்ற மனநல மருத்துவரின் வீட்டில் தங்கப் போன நோயாளிக்கு முதல் வாரம் ஒரே வேலைதான்: சும்மா படுத்திருப்பது. படிக்கக் கூடாது, பேசக் கூடாது, புகைக்கக் கூடாது, பார்க்க யாரும் வரக் கூடாது. பயம் வந்தால் வரட்டும், அழுகை வந்தால் அழட்டும். ‘எனக்கு ஏன் இப்படி?’ என்று கேட்டால் மருத்துவர் அந்தக் கேள்வியைக் கையில் எடுக்கவே மாட்டார். இப்படி எடுக்காமல் விடுவதற்கு அங்கே பெயரே உண்டு: ஃபுமோன்.

புற்றுநோய் வார்டில் கவுன்சிலராகப் பதினேழு வருடம் குப்பை கொட்டியவள் நான். அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனது. “யாருக்கு என்ன பாவம் செஞ்சேன் மேடம்?” என்பார்கள். பயிற்சியில் எங்களுக்கு இரண்டு வழி சொல்லித்தந்தார்கள். ஒன்று, நியூயார்க்கில் வில்லியம் பிரைட்பார்ட் புற்றுநோயாளிகளுக்காக எட்டு அமர்வுகளாக அமைத்த குழுச் சிகிச்சை. வாழ்வில் இன்னும் என்ன அர்த்தம் மிச்சமிருக்கிறது என்று தேடுவது அது. மற்றது, ஸ்டீவன் ஹேய்ஸ் என்ற அமெரிக்கரின் ‘ஆக்ட்’. பயத்தை விரட்டாதே, அது பாட்டுக்கு இருக்கட்டும், உனக்கு முக்கியமானதைச் செய் என்பது. 1978-இல் துறைக் கூட்டத்தில் பேச வாயெடுத்தபோது பீதி பிடித்து ஹேய்ஸுக்குக் குரலே எழும்பவில்லை. அங்கிருந்து தொடங்கியது அது. இரண்டும் புதுச் சரக்கு என்றே வெகுநாள் நினைத்திருந்தேன்.

முதல் வழியின் வேர் வியன்னாவில் இருக்கிறது. விக்டர் பிராங்கல் 1905-இல் அங்கே பிறந்தவர். பள்ளிப் பையனாக இருக்கும்போதே பிராய்டுக்குக் கடிதம் எழுதினார். பிறகு உளவியலாளர் ஆட்லரிடம் போனார். 1927-இல் ஆட்லர் தன் சங்கத்திலிருந்து அவரை நீக்கினார். அடுத்த வருடமே பிராங்கல் வியன்னாவில் இளைஞர்களுக்கு இலவச ஆலோசனை மையங்களைத் தொடங்கினார். மதிப்பெண் பட்டியல் கொடுக்கும் நாட்களில் மாணவர்கள் தற்கொலை செய்துகொண்ட காலம் அது. நம் ஊரில் பிளஸ் டூ ரிசல்ட் அன்று பயத்தோடு செய்தித்தாளைப் பிரிப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1933 முதல் நான்கு வருடம் ஸ்டைன்ஹோஃப் மருத்துவமனையில் தற்கொலைக்கு முயன்ற பெண்களின் பிரிவைப் பார்த்துக்கொண்டார்.

அமெரிக்க விசா கையில் வந்தபோது வயதான பெற்றோரை நாஜிகளிடம் விட்டுப்போக மனமில்லை. இடித்த யூதக் கோயிலிலிருந்து அப்பா எடுத்துவந்த சலவைக்கல் துண்டில் தாய் தந்தையை மதிக்கச் சொல்லும் கட்டளையின் எழுத்து இருந்தது. அதைப் பார்த்ததும் விசாவைக் காலாவதியாக விட்டுவிட்டார். 1942-இல் முகாமுக்கு அனுப்பப்பட்டார். கோட்டுக்குள் தைத்துக் காப்பாற்றி வந்த கையெழுத்துப் பிரதி ஆஷ்விட்ஸில் பறிபோனது. அப்பா, அம்மா, அண்ணன் தம்பி என்றிருந்த ஒரே சகோதரன், மனைவி டில்லி என நால்வரும் போனார்கள். 1945-இல் விடுதலை. மறுவருடம் வியன்னா பாலிக்ளினிக்கில் நரம்பியல் பிரிவுத் தலைவராகி 25 வருடம் அங்கேயே இருந்தார். முகாம் அனுபவத்தைச் சொல்லும் புத்தகத்தை ஒன்பதே நாளில் சொல்லச் சொல்ல எழுதவைத்தார்.

‘ஏன்?’ என்ற கேள்வியை அவர் தட்டிக்கழிக்கவில்லை, திருப்பிப் போட்டார். நீ வாழ்க்கையைக் கேள்வி கேட்பதல்ல, வாழ்க்கைதான் உன்னைக் கேட்கிறது என்றார். மனைவி இறந்து இரண்டு வருடமாகியும் தேறாத ஒரு முதிய மருத்துவர் அவரிடம் வந்தார். நீங்கள் முதலில் போயிருந்தால் உங்கள் மனைவி என்ன ஆகியிருப்பார் என்று பிராங்கல் கேட்டார். தாங்கியிருக்கமாட்டாள் என்றார் அவர். அந்தத் துயரம் அவருக்கு வராமல் காத்தது நீங்கள்தான், அதற்கான விலையைத்தான் இப்போது கொடுக்கிறீர்கள் என்றார் பிராங்கல். முதியவர் கைகுலுக்கிவிட்டு எழுந்து போனார்.

இதைப் படித்த வேகத்தில் நானும் ஒருவரிடம் முயன்றேன். மார்பகப் புற்றில் மனைவியை இழந்தவர், இன்சூரன்ஸ் காகிதத்துக்காக வந்திருந்தார். அதே கேள்வியைக் கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, “அவ சமாளிச்சிருப்பா மேடம். எனக்குத்தான் காபி கூடப் போடத் தெரியாது” என்றார். என் முகத்தில் அசடு வழிந்தது. பிராங்கலின் குற்றமில்லை இது. அந்தக் கேள்வி ஒரே ஒரு மனிதரைப் பார்த்துத் தைத்த சட்டை. அளவெடுக்காமல் அடுத்தவருக்கு மாட்டிவிட்டது நான்தான்.

பிறகு மொரீட்டா எனக்கு உதவினார். 1874-இல் கோச்சியில் பிறந்த அவரே மாணவப் பருவத்தில் படபடப்பாலும் நரம்புத்தளர்ச்சியாலும் அவதிப்பட்டவர். ஊரிலிருந்து அப்பாவிடமிருந்து பணம் வராமல் போனபோது கோபத்தில், செத்தால் சாகட்டும் என்று மருந்தையெல்லாம் தூக்கிப்போட்டுவிட்டுப் பரீட்சைக்குப் படித்தார். நன்றாகத் தேறினார், நோயும் காணாமல் போயிருந்தது. அந்த வீம்பைத்தான் பிற்காலத்தில் வைத்தியமாக்கினார் என்று எனக்குத் தோன்றும். 1919 வாக்கில் தன் வீட்டிலேயே நோயாளிகளைத் தங்கவைக்கத் தொடங்கினார்.

படுக்கை வாரம் முடிந்ததும் தோட்டத்தில் சில்லறை வேலை. அடுத்து பெருக்குவது, விறகு பிளப்பது, சமையல். கடைசியில் வெளியே கடைகண்ணிக்குப் போய்வருவது. எல்லாம் சேர்த்து நாற்பது நாள் அளவில். மொரீட்டாவின் மனைவியும் கூடவே நின்று வேலை வாங்குவார். இரவில் நோயாளி நாட்குறிப்பு எழுதுவார். மொரீட்டா அதில் சிவப்பு மையில் குறிப்பெழுதித் திருப்பித்தருவார். பயம் போனதா என்பது அங்கே கணக்கில்லை. முற்றம் பெருக்கியாயிற்றா என்பதே கணக்கு. உள்ளது உள்ளபடி இருக்கட்டும் என்ற இந்த நிலையை ‘அருகமாமா’ என்றார். ஹேய்ஸின் ஆக்ட் இவரிடமிருந்து கிளைத்ததல்ல. ஆனாலும் அதன் சாரத்தை அறுபது வருடம் முன்பே துடைப்பத்தைக் கொடுத்துச் சொல்லிவிட்டவர் இவர்.

காபிக்காரரிடம் அடுத்தமுறை அர்த்தம் எதுவும் பேசவில்லை. டிகாக்‌ஷன் இறக்கும் பக்குவத்தை ஒரு தாளில் எழுதிக்கொடுத்தேன். தினமும் காலையில் போட்டுவிட்டு எப்படி வந்தது என்று அதன் கீழே ஒரு வரி எழுதச் சொன்னேன். முதல் வரி: ‘அழுதேன். பால் பொங்கிவிட்டது.’

மொரீட்டாவும் பிராங்கலும் தங்களுக்குத் தெரியாமலே உரசிக்கொண்ட இடமும் ஒன்று உண்டு. நெஞ்சுப் படபடப்புக்குப் பயந்த நோயாளியிடம், வேண்டுமென்றே அதை வரவழைத்து எப்படிப் போகிறதென்று கவனியுங்கள் என்றார் மொரீட்டா. ஆட்கள் முன் வியர்க்குமே என்று பயந்த ஒருவரிடம், முன்னைவிடப் பத்து மடங்கு வியர்த்துக் காட்டுகிறேன் என்று தீர்மானித்துக்கொண்டு போகச் சொன்னார் பிராங்கல்.

மொரீட்டா 1938-இல் இறந்தார். பிராங்கலின் முகாம் புத்தகம் 1956-இல் ஜப்பானிய மொழியில் ‘இரவும் மூடுபனியும்’ என்ற தலைப்பில் வந்தது. அடுத்த வருடம் காமியா மியேகோ என்ற மனநல மருத்துவர் நாகஷிமா தீவின் தொழுநோய் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தார். மருந்து வந்து நோய் குணமாகிவிட்டது, ஆனால் அடைத்துவைக்கும் சட்டம் 1996 வரை நீடித்தது. குணமானவர்களும் வெளியேற முடியாமல் அங்கேயே இருந்தார்கள். ஒரே நிலையில் இருக்கும் இருவரில் ஒருவருக்கு நாள் வெறுமையாகவும் இன்னொருவருக்கு நிறைவாகவும் இருப்பது எதனால் என்று தேடி, 1966-இல் ‘இகிகாய்’ எனும் வாழ்வதற்கான பிடிப்பைப் பற்றி எழுதினார். இன்று அந்தச் சொல்லை விமான நிலையப் புத்தகக் கடைகளில் விற்கிறார்கள். தீவின் பெயர் அட்டையில் இருப்பதில்லை.

இதாமி ஜின்ரோ என்ற மருத்துவர் மொரீட்டாவின் முறையைப் புற்றுநோயாளிகளுக்குக் கொண்டுவந்தபோது, அதற்கு ‘இகிகாய் வைத்தியம்’ என்றே பெயர் வைத்தார். ஏற்பும் அர்த்தமும் ஒரே பையில். 1987-இல் தன் நோயாளிகள் சிலரை மோன் பிளாங்க் மலைக்கு அழைத்துப்போனார். பயத்தைப் போக்கிவிட்டு அல்ல, பயத்தோடே.

பிராங்கலும் பெரிய மலையேறி. எண்பது வயதை எட்டும்வரை பாறைகளில் தொங்கியவர். இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று கேட்டவர்களிடம் அவர் சொன்ன காரணம், மலையேறப் பயமாக இருந்தது என்பதுதான்.