நான்கு விசைகளின் வரலாறு



கணினி முன் அமரும் பிள்ளைகள் "வெட்டு, ஒட்டு" என்று பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். இது கத்தரிக்கோலும் பசையும் தந்த பேச்சு! அந்நாளில் புத்தகம் தயாரிப்போர் தாளை வெட்டி, இடம் மாற்றி ஒட்டித்தான் பக்கங்களைத் திருத்தினார்கள்.

1970-களின் நடுவில், அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் லாரி டெஸ்லர், டிம் மாட் என்னும் இருவர், பாடநூல் பதிப்பகம் ஒன்றுக்காக 'ஜிப்சி' என்ற எழுத்துத் திருத்தும் செயலியை உருவாக்கினர். அதற்காக டிம் மாட் என்ன செய்தார் தெரியுமா? பதிப்பகத்துக்கே போய், அங்குள்ளவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்து பார்த்தார். அந்தக் கைவேலைதான் கணினிக்குள் நுழைந்தது.

1983-இல் வெளிவந்த ஆப்பிள் நிறுவனத்தின் லிசா கணினியில் இசட், எக்ஸ், சி, வி ஆகிய விசைகள் இவ்வேலைக்கு அமைந்தன. நான்கும் பக்கத்துப் பக்கத்தில். ஒரு கையே போதும். இன்று விண்டோஸ் கணினியில் கண்ட்ரோல் விசையை அழுத்தியபடி எக்ஸ் தட்டினால் வெட்டும், சி பிரதி எடுக்கும், வி ஒட்டும், இசட், கடைசியாகச் செய்ததை ரத்துச் செய்யும். ஆகவே மாணவர்களே, தப்பாகிவிடுமோ என்று பயப்படாமல் தட்டிப் பழகுங்கள்!

பெற்றோரே, "நமக்கெங்கே இதெல்லாம் எட்டும்?" என்று ஒதுங்கிடாதீங்க. பெரிய நிபுணர்களே உழைப்பவர் கையைப் பார்த்துத்தான் கற்றார்கள். உங்கள் பிள்ளையைக் காட்டச் சொல்லுங்கள். நீங்களும் ஒரு தட்டு தட்டிப் பாருங்கள்!