இங்கிலாந்துப் பள்ளிகளில் சமகால இசையும் ஒலிப்பதிவும்

பாடசாலையில் இசை கற்பிப்பதன் நோக்கம் யாது? முன்னோர் ஆக்கிய இசையை மதித்துக் கேட்கும் பண்பை வளர்ப்பதா, மாணாக்கர் தாமே இசையை ஆக்கும் ஆற்றலைப் பெறச் செய்வதா? இவ்வினாவிற்கு இங்கிலாந்து அளித்த விடை இருபதாம் நூற்றாண்டினுள் பெரிதும் மாறியது. அம்மாற்றத்திற்கு ஆசிரியர்தம் சிந்தனை முதற் காரணமாயின், ஒலிப்பதிவுக் கருவி அதற்குத் துணைக் காரணமாயிற்று.

எடிசன் 1877 இல் ஒலியைப் பதிந்து மீட்டும் பொறியை ஆக்கினார். அதன் வழிவந்த இசைத்தட்டு வகுப்பறையுட் புகுந்தபோது கேட்டல் என்னும் பணிக்கே பயன்பட்டது. 1924 இல் பி.பி.சி. பள்ளிகளுக்கான ஒலிபரப்பைத் தொடங்கிய ஞான்று, வோல்போர்ட் டேவிஸ் என்னும் இசையறிஞரே முதற் பாடத்தை நடத்தினார். நாட்டின் மூலை முடுக்குகளிலிருந்த சிறுவரும் நல்லிசையைக் கேட்க இதனால் வாய்ப்புண்டாயிற்று. ஆயினும் மாணாக்கர் கேட்போராகவே இருந்தனர். 1951 இல் வந்த க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையும் இசை வரலாறு, குறித்த ஆக்கங்களின் ஆய்வு, சுர இயைபுப் பயிற்சி என்பவற்றையே பெரிதும் வேண்டி நின்றது. இதன் விளைவு 1968 இல் வெளிப்பட்டது. பள்ளிகள் மன்றம் அவ்வாண்டு வெளியிட்ட ஆய்வறிக்கையில், பதினைந்து வயதிற் பள்ளியை விட்டு நீங்கும் மாணவர் இசையைப் பயனற்ற, சலிப்பூட்டும் பாடங்களுள் ஒன்றாக வைத்தனர். வீட்டில் இசைத்தட்டுக்களை விரும்பிக் கேட்ட அதே இளைஞர் பள்ளியில் இசையை வெறுத்தனர் என்பது ஈண்டு நோக்கற்பாலது.

இந்நிலை மாறுதற்கான வித்து முன்னரே ஊன்றப்பட்டிருந்தது. பீற்றர் மக்ஸ்வெல் டேவிஸ் என்னும் இளம் இசையாக்குநர் 1959 முதல் 1962 வரை சிறன்செஸ்ரர் இலக்கணப் பள்ளியில் இசையாசிரியராயிருந்தார். 1960 இல் அவர் ஆக்கிய 'ஓ மாக்னும் மிஸ்ரீரியும்' என்னும் படைப்பு அப்பள்ளி மாணவர் பாடவும் இசைக்கவும் எழுந்ததே. சமகால இசை சிறுவர்க்கு எட்டாதது என்னும் கூற்று அங்குப் பொய்யாயிற்று.

இனி, காந்த ஒலிநாடாவின் பங்கை நோக்குவோம். பாரிஸ் வானொலியில் 1948 இல் பியர் ஷேபர் புகையிரத ஓசை முதலியவற்றைப் பதிந்து, அவற்றையே மூலப்பொருளாகக் கொண்டு இசையாக்கங் காட்டினார். அவர் முதலிற் கையாண்டது இசைத்தட்டு. பின்னர் நாடா வந்ததும், ஒலியைக் கத்தரித்து ஒட்டவும், வேகத்தை மாற்றவும், பின்முன்னாக ஓட்டவும் எளிதாயிற்று. ஜோன் பெயின்ரரும் பீற்றர் அஸ்ரனும் 1970 இல் வெளியிட்ட 'ஒலியும் மௌனமும்' என்னும் நூல் இத்தகைய புத்திசை முயற்சிகளை வகுப்பறைக்குரிய செயற்றிட்டங்களாக வகுத்தளித்தது. 1973 இல் யோர்க் பல்கலைக்கழகத்திற் பெயின்ரர் தலைமையில் இடைநிலைப் பள்ளி இசைக்கான செயற்றிட்டம் தொடங்கிற்று. இசை ஒரு சிலர்க்குரிய திறமையன்று, யாவர்க்குமுரிய கல்வி என்பதே அதன் அடிப்படைக் கொள்கை.

மக்கள் விரும்பும் 'பொப்' இசையையும் பாடமாக்கலாமோ என்பது அடுத்து எழுந்த வழக்கு. 1976 இல் வல்லியமி, லீ என்போர் தொகுத்த 'பள்ளியிற் பொப் இசை' என்னும் நூல் ஆம் என வாதிட்டது. அவ்விசை ஏட்டிற் பிறப்பதன்று. செவியாற் கற்று, கூடி இசைத்து, பதிவிற் செம்மை பெறுவது. ஆகவே அதனைக் கற்பிக்க ஒலிப்பதிவுப் பயிற்சி இன்றியமையாததாயிற்று. பிலிப்ஸ் நிறுவனம் 1963 இல் வெளியிட்ட கசெற்று நாடாவும், 1979 இல் வந்த 'போட்டாஸ்ருடியோ' என்னும் சிறு கருவியும் இதற்கு வழி திறந்தன. பின்னையது சாதாரணக் கசெற்றிலேயே நான்கு தடங்களைத் தனித்தனியே பதியவல்லது. முதலில் முழவைப் பதிந்து, அதனைக் கேட்டுக்கொண்டே கித்தாரையும், பின்னர் குரலையும் சேர்த்து, இறுதியில் அளவறிந்து கலக்கலாம். தாளம் பிசகினும், சுருதி வழுவினும், ஒரு குரல் மற்றொன்றை மறைப்பினும் நாடா அதனை மறையாது காட்டும். மாணவன் தன் குற்றத்தைத் தானே செவியாற் காண்பதற்கு இதனினுஞ் சிறந்த வழி அரிது.

1986 இற் கற்பித்தல் தொடங்கி 1988 இல் முதன்முறை நடைபெற்ற புதிய இடைநிலைப் பரீட்சை, இசைத்தல், ஆக்கல், கேட்டல் என்னும் மூன்றையும் ஏற்றது. ஆக்கத்தை ஒலிப்பதிவாகச் சமர்ப்பித்தலும் அனுமதிக்கப்பட்டது. குறியீட்டில் எழுதமாட்டாத மாணவனும் இசையாக்குநனாக மதிக்கப்படும் வாயில் இவ்வாறு திறந்தது.

எழுத்துக் குறியீட்டறிவு தேயும் என்று அஞ்சினோர் உளர். அவ்வச்சம் முற்றும் பொருளற்றதன்று. குறியீட்டை அறியாதவன் முன்னோர் எழுதிவைத்த பெருஞ் செல்வத்தைத் தானே படித்துணரமாட்டான். ஆயினும் ஒன்றைப் பெறுதற்கு மற்றொன்றை இழத்தல் வேண்டும் என்னும் நியதி இல்லை. பொப் இசைஞர் கற்கும் முறையை ஆராய்ந்த லூசி கிறீன், 2001 இல் தம் நூலை வெளியிட்டார். பதிவைக் கேட்டுப் பின்பற்றுவதே அவர்தம் தலையாய கல்விமுறை என அந்நூல் காட்டிற்று. 2003 இல் எழுந்த 'மியூசிக்கல் பியூச்சர்ஸ்' இயக்கம் அம்முறையை வகுப்பறைக்குக் கொணர்ந்தது. எனினும் 2010 இல் அறிவிக்கப்பட்ட பள்ளி அளவீட்டு முறையில் கலைப்பாடங்கள் இடம்பெறவில்லை. கருவி மலிந்த காலத்திலேயே பாடத்தின் மதிப்புக் குறைக்கப்பட்டது.

இவ்வரலாறு உணர்த்துவது யாதெனில், கருவி தானாக எவரையுங் கலைஞராக்காது என்பதே. இசைத்தட்டு மாணாக்கரை வாளாவிருந்து கேட்கச் செய்தது. நாடா அவர்களை ஆக்குவோராக்கிற்று. இரண்டும் ஒலிப்பதிவே. வேறுபாடு கருவியை மாணவன் கையில் ஒப்படைக்கத் துணிந்த ஆசிரியரிடத்திலும், அவர்க்கு நேரமும் இடமும் ஒதுக்கிய பள்ளியிடத்திலுமே இருந்தது.