பசியாவரமும் பழவேற்காட்டேரியும்

ஏரி என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தே கரையும் மதகும் கலிங்கும் உடைய உழவர் ஏரியே பெரும்பாலார் உள்ளத்தில் தோன்றும். பழவேற்காட்டேரி அத்தன்மையதன்று. அதற்கு மதகில்லை, மனிதர் கட்டிய கரையுமில்லை. தெற்கே ஆரணியாறும் வடமேற்கே காளங்கியாறும் கொணரும் நன்னீரும், முகத்துவாரத்தின் வழியே கடல் தரும் உவர்நீரும் தம்முட் கலந்து நிற்கும் காயல் அது. நீளம் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். ஆழமோ சராசரி ஒரு மீட்டர் அளவே. ஸ்ரீஹரிகோட்டைத் தீவு அதனைக் கடலினின்றும் பிரிக்கின்றது. உவர்நீர்க் காயல்களுள் ஒரிசாவின் சிலிக்காவுக்கு அடுத்தபடி இந்தியாவில் இதுவே பெரிது. பெரும்பகுதி ஆந்திர நாட்டைச் சார்ந்தது, தென்கோடியே நம்முடையது. அத்தென்கோடியில் ஏரி நீர் சூழ இருக்கும் குப்பங்களுள் ஒன்று பசியாவரம். பசியாத வரம் என்று இப்பெயரைப் பிரித்துப் பொருள் கொள்ளத் தமிழ் இடங்கொடுக்கின்றது. அவ்வரத்தை அவ்வூர்க்கு அளித்தது யாது, அது இன்றும் நிலைக்கின்றதா என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

பழவேற்காட்டின் சரித்திரம் எழுதினோர் ஒல்லாந்தரைப் பற்றியே விரித்தெழுதினர். 1613 இல் கெல்திரியாக் கோட்டை எழுந்ததும், 1690 இல் அவர்தம் தலைமை நாகப்பட்டினத்துக்குப் பெயர்ந்ததும், 1825 இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு முடிவாக வந்ததும் யாவரும் அறிந்தனவே. துணி மூட்டைகளின் கணக்கு எழுதப்பட்டது; அத்துணை மாந்தர்க்கும் மீன் தந்த வலைஞரின் கணக்கை எழுதுவாரிலர். ஈண்டு ஒரு வேடிக்கை சொல்லத்தகும். 1639 இல் சென்னைக்கு நிலம் பெற்ற ஆங்கிலேயர் பிரான்சிஸ் டே. இருநூறு ஆண்டுகட்கு மேல் கழித்து, இந்திய மீன்களைப் பற்றி 1875 முதல் 1878 வரை பெருநூல் வெளியிட்ட மருத்துவரும் பிரான்சிஸ் டே. முன்னவரைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். நமக்கு வேண்டியவர் பின்னவரே. அவர் போன்றோர் தொடங்கிய ஆராய்ச்சியின் பின்னரே 1907 இல் சென்னை மாகாணத்தில் பிரெடரிக் நிக்கல்சன் பெருமகனாரின் முயற்சியால் மீன் துறை தோன்றிற்று.

இனி ஏரியின் உள்ளே நிகழ்வதைக் காண்போம். 1887 இல் அமெரிக்கராகிய ஸ்டீபன் போர்ப்ஸ் என்பார், ஏரி ஒவ்வொன்றும் தன்னுள் நிறைந்த ஒரு சிற்றுலகம் என்று எழுதினார். 1927 இல் ஆங்கிலேயராகிய சார்லஸ் எல்டன், ஓருயிர் மற்றோருயிர்க்கு உணவாகும் தொடர்பினை உணவுச் சங்கிலி என விளக்கினார். 1942 இல் வெளிவந்த ரேமண்ட் லிண்டிமனின் கட்டுரை, அச்சங்கிலியில் ஒரு படியினின்று மேற்படிக்கு ஏறுங்கால் ஆற்றலிற் பெரும்பகுதி வீணாகி ஒரு சிறுபகுதியே எஞ்சுகின்றதென்று நிறுவிற்று. அவ்வறிஞர் தம் கட்டுரை அச்சேறுமுன் 26 வயதிலேயே இறந்தார்.

பழவேற்காட்டில் இச்சங்கிலியின் அடிக்கண்ணி சேறாகும். ஐப்பசி கார்த்திகை மழையில் ஆறுகள் கொண்டுவரும் வண்டலும், அழுகிய இலையும் பாசியும் அச்சேற்றிற் படிகின்றன. கண்ணுக்குப் புலனாகாத நுண்பாசிகள் அதனால் தழைக்கின்றன. சேற்றுப் புழுக்களும் சிறு கூனிகளும் அவற்றைத் தின்னும். மடவை மீனோ இடைநிலையார் ஒருவரையும் வேண்டாது சேற்றின் மேற்படிந்த பாசியையும் மட்கினையும் தானே மேய்ந்து கொழுக்கின்றது. இறாலும் நண்டும் கண்டது தின்பன. கிழங்கான் புழுவைத் தேடும். கெளுத்தி எதனையும் விடாது. கொடுவா இவற்றுட் சிறியவற்றை விழுங்கும். பூநாரை தலைகீழாக அலகை நீரிலிட்டு நுண்ணுயிர்களை வடித்துண்ணும். கூழைக்கடாவும் மனிதரும் மேற்படியிலிருப்போர். லிண்டிமன் கணக்கின்படி நோக்கின், ஒரு கொடுவாவை விட மடவைக்கூட்டமே ஏரிக்கு மலிவான பண்டம். சேற்றுக்கு அணித்தாயிருத்தலின் அது மிகுதியாய்க் கிடைக்கின்றது. பசியாத வரத்தை அளித்தது சேறே என்பது என் துணிபு.

ஆயினும் வெள்ளை இறாலும் மடவையும் ஏரியிற் பிறப்பனவல்ல. இறால் கடலிற் பொரித்து, சிறு குஞ்சாய் முகத்துவாரத்தின் வழி நுழைந்து, ஏரியில் வளர்ந்து, முட்டையிடுதற்கு மீண்டும் கடல் நோக்கி ஓடும். அவ்வோட்டத்தை எதிர்நோக்கிக் கழி நட்டு வலை கட்டுதலே சுத்துவலைத் தொழில். எல்லாரும் ஒரே இரவில் ஒரே இடத்திற் கட்டின் ஒருவர்க்கும் பயனின்று, சண்டையே மிஞ்சும். இதனை உணர்ந்த பட்டினவராகிய நம் முன்னோர் பாடு என்னும் முறையை வகுத்தனர். இன்ன இடம் இன்ன ஊர்க்கு, இன்ன இரவு இன்ன தலைக்கட்டுக்கு என்று குலுக்கல் முறையாற் பங்கிடுவர். கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊரார் இதனைக் காத்தமை ஆராய்ச்சியாளரால் நன்கு எழுதப்பட்டுள்ளது. இலங்கையில் நீர்கொழும்புக் காயலிலும் வலைகட்டும் இடங்களைச் சீட்டுப் போட்டே பங்கிடுகின்றனர். ஆதலின் இம்முறை கல்லாதார் வழக்கென்று எள்ளத்தக்கதன்று.

ஆனால் நம்மவர்க்கு இனிமையல்லாத ஒன்றையும் சொல்லவேண்டும். பாடு, உரியார்க்கு நீதி, அல்லாதார்க்குக் கதவு. இறாலைக் கையாற்றடவிப் பிடிக்கும் இருளரும், பாடில்லாத பிறரும் அதன் புறத்தே நின்றனர். ஏற்றுமதியால் இறால் விலை ஏறியபின் அவர்களும் வலையோடு வந்தனர். 1980 க்குப் பின் பூசல்கள் மிகுந்தன. பசியும் பிள்ளைகளும் அவர்க்கும் உளவன்றோ? அவர்களை வந்தேறிகள் என்று நம் கூட்டங்களில் இகழ்ந்து பேசுவது எனக்கு உடன்பாடன்று. தலைக்கட்டுப் பெருகப் பெருகத் தன் முறைக்காகக் காத்திருக்கும் நாட்களும் பெருகினமையின், உரியவருள்ளும் பலர் வேறு தொழில் நாடுகின்றனர்.

இதனினும் கொடிது சேற்றைத் தொடுவது. இறால் குஞ்சு பொரிப்பகங்கட்கு இரையாக விற்கும் பொருட்டு ஏரிச்சேற்றைக் கிளறிப் புழு எடுக்கும் தொழில் அண்மையிற் பரவிற்று. கூலி உடனே கையில் விழுகின்றது, உண்மையே. ஆயின் கிழங்கானுக்கும் நண்டுக்கும் உரிய இரை அது. கிளறிய சேற்றில் வேரூன்றிய புல்லும் அழிகின்றது.

முகத்துவாரமோ கோடையில் மணல் தூர்ந்து அடைபடும் இயல்பினது. அடைபட்டால் குஞ்சு நுழையாது. வெயிலால் ஏரி நீரின் உவர் கடல்நீரையும் விஞ்சும். சிலிக்காவில் இதே கேடு நேர்ந்தபோது 2000 ஆம் ஆண்டு செப்டம்பரில் புதிய முகத்துவாரம் வெட்டினர். அடுத்த சில ஆண்டுகளில் மீன்பிடி பன்மடங்கு உயர்ந்தது. பழவேற்காட்டிலும் முகத்துவாரத்தை நிலையாகத் திறந்து வைத்தற்குக் கற்சுவர் எழுப்பும் பணியை அரசினர் மேற்கொண்டனர். முகம் திறந்திருப்பின் மழை ஓய்ந்தபின் வெள்ளை இறாற் குஞ்சுகள் ஏற்றநீரோடு உள்ளே வரும். சில திங்களிற் பருத்து, இருண்ட இரவுகளில் வற்றநீரோடு வெளியேறும். அவ்விரவுகளில் வலை கட்டும் முறை எவர்க்கு, எத்தனை பேர்க்கு என்பதை இனிக் குலுக்குங்கால், பசியாவரத்தாரும் பாடில்லாத குப்பத்தாரும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசுதற்கு நம் சங்கத்தார் இடஞ்செய்து தரலாகும்.