வந்தவர் உடலும் பிறந்தவர் உடலும்

மலாயாவின் கோலா சிலாங்கூர் தோட்டங்களில் வந்திறங்கிய தமிழ்க் கூலிகள் ஓரிரு ஆண்டுகளுக்குள் குளிர்காய்ச்சலில் விழுந்ததற்குத் துரைமார்களிடம் ஆயத்தமான விளக்கம் ஒன்று இருந்தது: தமிழனின் உடல்வாகே பலவீனம். சீனன் தாங்குவான், மலாய்க்காரனுக்கு இந்த மண் பழக்கம், தமிழனுக்கு ஒத்துக்கொள்ளாது என்றார்கள். சாவுக்கான காரணத்தை இனத்தின் பேரில் எழுதிவைத்த இந்தக் கணக்கு தவறானது. ஓர் உடல் ஒரு கிருமியை எந்த வயதில் முதன்முதலாகச் சந்தித்தது என்பதில் பாதி விடை இருக்கிறது. மீதிப் பாதி, அந்த உடலை எங்கே கொண்டுபோய்க் குடிவைத்தார்கள் என்பதில் இருக்கிறது.

இதற்கான சான்றைத் திரட்டியவர்களே காலனி மருத்துவர்கள்தாம். செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் உடலுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டது 1897-ல். நான்கே ஆண்டில், 1901-ல், மால்கம் வாட்சன் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்தார். நகரத்திலும் துறைமுகத்திலும் சதுப்பு நீரை வடியவைத்துக் காய்ச்சலை அடக்கியபின் சிலாங்கூரின் ரப்பர் தோட்டங்களை ஆராய்ந்தார். அவர் நம்பிய அளவுகோல் குழந்தைகளின் மண்ணீரல். இடப்பக்க விலாவுக்குக் கீழே விரலால் அழுத்தி, நூற்றுக்கு எத்தனை பிள்ளைகளுக்கு அது வீங்கியிருக்கிறது என்று எண்ணுவது அந்த முறை. 1847-ல் யமுனைக் கால்வாயோர ஊர்களில் டெம்ப்ஸ்டர் என்ற மருத்துவர் செய்து காட்டியது அது. கடலோரச் சமவெளியில், காட்டு நிழலில் தேங்கிய கறுப்பு நீரில் வளரும் அம்ப்ரோசஸ் கொசுதான் எதிரி. அங்கே காட்டை வெட்டி வாய்க்கால் தோண்டியதும் பிள்ளைகளின் மண்ணீரல் வீக்கம் குறைந்தது. குன்றும் ஓடையுமான உள்பகுதிகளில் நிலைமை நேர்மாறு. காட்டை வெட்டியதால் வெயில் பட்ட தெளிந்த ஓடைகளில் மாக்குலேட்டஸ் கொசு பெருகியது. கடலோரத்தைக் காப்பாற்றிய வேலையே அங்கே ஆட்களைக் கொன்றது. வாட்சன் பெரியவர்களை விட்டுக் குழந்தைகளை அளந்ததற்கு வலுவான காரணம் உண்டு. பெரியவர் உடலில் அவர் கடந்துவந்த ஊர்களின் நோய்களெல்லாம் பதிந்திருக்கும். அங்கேயே வளரும் குழந்தையின் உடல் அந்தத் தோட்டத்தைப் பற்றி மட்டுமே பேசும்.

வயதுக்கும் எதிர்ப்புச் சக்திக்கும் உள்ள தொடர்பு அப்போதே கண்ணில் படத் தொடங்கியிருந்தது. 1899, 1900 ஆண்டுகளில் ஜாவாவிலும் நியூகினியிலும் இரத்தப் பரிசோதனை செய்த ராபர்ட் கோக், மலேரியா ஓயாத ஊர்களில் சிறுபிள்ளைகளின் இரத்தத்தில் கிருமி மண்டியிருப்பதையும், அங்கேயே வளர்ந்த பெரியவர்களிடம் அது அரிதாக இருப்பதையும் கண்டார். அதற்கான காரணம் தெளிவாக அறுபது ஆண்டுகள் ஆயின. காம்பியாவில் பெரியவர்களின் இரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்பொருளை நோயுற்ற குழந்தைகளுக்குச் செலுத்தியபோது கிருமி மளமளவெனக் குறைந்தது என்று 1961-ல் கோஹனும் மெக்கிரிகரும் காரிங்டனும் எழுதினார்கள். தாயின் எதிர்ப்பொருள் நச்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகிறது. சில மாதங்களில் கரைந்துவிடுகிறது. அதன்பின் குழந்தை தானே, தொற்றுக்குப் பின் தொற்றாக, தன் காப்பைக் கட்டிக்கொள்ள வேண்டும். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிய இருபத்தைந்து வயது ஆளுக்கு இந்தப் பாலபருவமே வாய்க்கவில்லை. அவர் வளர்ந்த உடலோடு முதல் தொற்றைச் சந்தித்தார். அது எவ்வளவு ஆபத்து என்பதை இந்தோனேசிய நியூகினியின் ஆர்சோ குடியேற்றத்தில் கெவின் பேர்டும் உடன் உழைத்தவர்களும் காட்டியிருக்கிறார்கள். மலேரியா இல்லாத ஜாவாப் பகுதிகளிலிருந்து வந்தவர்களில் முதல் தாக்குதலில் கடுமையாக நோயுற்றவர்கள் பெரியவர்களே. ஆனால் ஓரிரு ஆண்டுக்குள் பிள்ளைகளைவிட விரைவாக எதிர்ப்புச் சக்தி பெற்றவர்களும் அவர்களே. அவர்கள் தமிழர்கள் அல்லர்.

தமிழ்நாட்டிலும் மலேரியா இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது, ஆனால் வறண்ட சமவெளியில் பருவத்துக்குப் பருவம் வந்துபோகும் காய்ச்சல், ஆண்டு முழுதும் ஓயாத காய்ச்சலுக்கு உடலைத் தயார்செய்வதில்லை. கிருமியின் வகைகளும் இடத்துக்கு இடம் மாறும். பட்டினியும் சீதபேதியும் கொக்கிப்புழுவும் கொல்லவில்லையா என்பது இதைவிட வலுவான கேள்வி. கொன்றன, ஐயமில்லை. ஆயினும் ஒரே அரிசியும் ஏறக்குறைய ஒரே கூலியும் பெற்ற தோட்டங்களில், காட்டுக்கும் ஓடைக்கும் கூலிகள் குடியிருந்த லயம் எவ்வளவு அருகில் இருந்தது என்பதைப் பொறுத்துக் காய்ச்சல் ஏறியிறங்கியதைப் பசியால் மட்டும் விளக்க முடியாது. மூன்றாவது வாதம் துரைமார் தரப்பிலிருந்து வரக்கூடியது: பெரியவர்கள் இரண்டு ஆண்டில் தேறிவிடுவார்கள் என்றால் பொறுத்திருந்தால் போதுமே? தேறியவர்களை மட்டும் எண்ணுகிற கணக்கு அது. 1910-ல் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிந்தபின்னும் கங்காணிகள் 1938 வரை ஆள் திரட்டினார்கள். ஒவ்வொரு கப்பலும் எதிர்ப்புச் சக்தியில்லாத புது உடல்களை லயத்துக்குள் கொண்டுவந்து சேர்த்ததால் தோட்டம் ஒருபோதும் முழுதாகத் தேறவில்லை. வங்காளத்தின் துவார்ஸ் தேயிலைத் தோட்டங்களைப் பற்றி 1909-ல் கிறிஸ்டோபர்ஸும் பென்ட்லியும் இதையேதான் எழுதினார்கள்: கூலிகளைத் திரட்டிக் குவிக்கும் முறையே கொள்ளைநோய்க்கு விளைநிலம்.

அம்மை விஷயத்தில் அரசு வேறு மாதிரி நடந்துகொண்டது. ஆவடி, நாகப்பட்டினம் முகாம்களிலேயே அம்மைப்பால் குத்தி, நோயை எதிர்கொள்வதற்கு முன்பே எதிர்ப்பொருளைப் பெரியவர் உடலில் உண்டாக்கி அனுப்பினார்கள். எந்த வைரஸுக்கும் இப்படிச் செய்வது எளிது என்ற எண்ணத்தை டிங்கி பின்னாளில் உடைத்தது. 1962-ல் பினாங்கில் இரத்தக்கசிவு டிங்கி தலைகாட்டியது. அதே காலத்தில் பாங்காக்கில் ஹால்ஸ்டெட் என்ற ஆய்வாளர் கண்டது இது: நான்கு வகை டிங்கி வைரஸ்களில் ஒன்றுக்கு உருவான எதிர்ப்பொருள், அடுத்து வரும் வேறு வகையைத் தடுக்காமல் அதற்குக் கதவு திறந்துவிடக்கூடும். தாயின் எதிர்ப்பொருள் பாதி கரைந்த ஆறு மாதக் குழந்தைக்கு முதல் தொற்றே உயிராபத்தாக முடியலாம். 2011-ல் மலேசியா உட்பட ஐந்து ஆசிய நாடுகளில் இரண்டு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளிடம் டிங்கித் தடுப்பூசி ஒன்றைச் சோதித்தார்கள். மூன்றாம் ஆண்டில், ஊசி போட்டுக்கொண்ட ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களே கூடுதலாக மருத்துவமனையில் சேர்ந்தார்கள். முன்பு டிங்கியைச் சந்தித்திராத உடலுக்கு அந்த ஊசியே முதல் தொற்றின் வேலையைச் செய்துவிட்டது என்பது 2017-ல் உறுதியாயிற்று. எதிர்ப்பொருள் இருக்கிறதா என்பதோடு, எந்த வயதில் எந்த வரிசையில் வந்தது என்பதையும் கேட்டாக வேண்டும்.

1917-ல் ஹென்றி ஃபோக்கோனியே மலாயாவில் முதன்முதலாக வணிகப் பயிராகச் செம்பனை நட்ட தென்னமரம் தோட்டம் கோலா சிலாங்கூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. நாட்டின் செம்பனைத் தோட்டங்களில் இன்று உழைப்பவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியா, வங்காளதேசம், நேபாளம் ஆகிய நாடுகளிலிருந்து வளர்ந்த உடலோடு வந்தவர்கள். நேபாளத்தில் முதல் டிங்கி நோயாளி பதிவானதே 2004-ல். மலேசியாவில் ஆண்டுதோறும் டிங்கி அதிகம் பதிவாகும் மாநிலம் சிலாங்கூர். இந்தத் தொழிலாளர்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட மருத்துவச் சோதனை காசநோயையும் எச்ஐவியையும் மலேரியாவையும் தேடுகிறது. அதாவது, அவர்கள் கொண்டுவரக்கூடிய நோய்களை. இந்த மண்ணில் அவர்களுக்குக் காத்திருக்கும் நோய்க்கு அவர்கள் உடல் எவ்வளவு தயார் என்பதைப் பார்க்கும் வழக்கம் வாட்சன் காலத்துத் தோட்டங்களிலும் இல்லை, இப்போதும் இல்லை.